பச்சையா, சிவப்பா? கூலன்ட் வாங்கும் முன்

உதிரி பாகக் கடையில் கூலன்ட் கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் திருப்பிக் கேட்பது "பச்சையா, சிவப்பா?" என்றுதான். நாமும் வண்டியில் பார்த்த நிறத்தைச் சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். அந்த நிறம் தயாரிப்பாளர் கலந்த சாயம், அவ்வளவே. எந்த வகைக்கு எந்த நிறம் என்று உலகப் பொதுவான விதி கிடையாது. ஒரே நிறத்தில் இரண்டு வேறு ரசாயனங்கள் இருக்கலாம். ஒரே ரசாயனம் இரண்டு நிறங்களிலும் விற்கலாம்.

கூலன்ட் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. எரிபொருள் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. இன்றைய எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் கூலன்டில் இறங்குகிறது. வாட்டர் பம்ப் அதை எஞ்சினின் உள்வழிகளில் ஓடவிட்டு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றில் சூடு தணிந்து, மறுபடி எஞ்சினுக்குத் திரும்புகிறது.

"நம் ஊரில் பனியா உறைகிறது, தண்ணீரே போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கூலன்டால் முடியாது. ஆனால் வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால், உறைநிலை மைனஸ் 37 டிகிரி வரை இறங்குகிறது. கொதிநிலை 107 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. ரேடியேட்டர் மூடி தரும் சுமார் 1 பார் அழுத்தத்தில் அது 130 டிகிரியை நெருங்கும். மலைப்பாதையில் ஏறும்போதும், வெயிலில் ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போதும் இந்தக் கூடுதல் இடைவெளி கைகொடுக்கும்.

அதற்காகத் தண்ணீரே கலக்காமல் கெட்டியாக ஊற்றுவதும் தவறு. சுத்தமான கிளைக்கால், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் சுமக்கும். அது மைனஸ் 13 டிகிரியிலேயே உறையவும் செய்யும். கலவைதான் பலம்.

இனி வகைகளுக்கு வருவோம். கூலன்டில் சில சதவீதமே இருக்கும் அரிப்புத் தடுப்புப் பொருள்கள்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன. பழைய ஐ.ஏ.டி. வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல உலோகம் முழுக்க அவை படலமாகப் படியும். சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆகவே சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓ.ஏ.டி. வகையின் கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வினைபுரிவதால், ஐந்து ஆண்டு வரை தாங்கும். ஹெச்.ஓ.ஏ.டி. இவ்விரண்டின் கலப்பு.

கலப்பிலும் இரு மரபுகள் உண்டு. கடினநீரில் பாஸ்பேட் செதிலாகப் படியும் என்பதால் ஐரோப்பிய நிறுவனங்கள் சிலிக்கேட்டை விரும்பின. சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று கருதிய ஜப்பானியர்கள் பாஸ்பேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் எஞ்சின் எந்த மரபில் வடிவமைக்கப்பட்டதோ, அதற்கேற்ற கூலன்டையே அது கேட்கும்.

வேறு வகைகளைக் கலந்தால் என்ன ஆகும்? ஃபோக்ஸ்வாகன் கார்களில் நீலப்பச்சை நிற ஜி 11, இளஞ்சிவப்பு ஜி 12 என்று இரண்டு வகைகள் இருந்தன. இரண்டும் கலந்துவிட்டால் திரவம் பழுப்பாகும். உடனே மாற்றிவிட வேண்டும் என்று கையேடு எச்சரித்தது. பொருந்தாத கலவையில் தடுப்புப் பொருள்கள் வலுவிழக்கும், சில நேரம் கூழாகத் திரண்டு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். பிறகு எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், மிச்சம்பிடித்த சில நூறு ரூபாய்க்குப் பல ஆயிரம் செலவழிக்க நேரும்.

ஆகவே முதலில் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். அதில் சொன்ன வகையும் தர எண்ணும் டப்பாவின் மேல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி3306, ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் கே2234 ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், முழுவதும் வடித்து, அலசி, புதிதாக நிரப்புங்கள்.

அடர்கரைசல் வாங்கினால் போர் தண்ணீர் கலக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும்; கலந்தே வரும் ரெடிமிக்ஸ் இன்னும் எளிது. நடுவழியில் வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் ஊற்றுங்கள். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஊர் திரும்பியதும் அந்தக் கலவையை மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாய் நக்கினாலும், குழந்தை விரலால் தொட்டு வாயில் வைத்தாலும் ஆபத்து. சிந்தியதை உடனே துடையுங்கள். வடித்த கூலன்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். மூடிய கேனில் ஒர்க்‌ஷாப்பிடம் ஒப்படையுங்கள்.