பரமபதமும் மழைமானியும்

வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி முதலிய இரவுகளிலே கண் விழித்திருப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. ஏணிக்கு ஒரு நற்குணமும் பாம்புக்கு ஒரு தீக்குணமும் பெயராக இட்டு, உயிர் படிப்படியாக மேலேறுவதைச் சிறுவருக்கும் காட்ட முனைந்தனர் முன்னோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்து சென்று உருமாறி, இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆடுகின்ற பிள்ளையைக் கேட்டால் பாம்பைச் சொல்லும். பாம்பின் மேல் எழுதியிருந்த குணத்தைச் சொல்லாது.

இதற்குக் காரணம் யாது? ஆடுபவர் எதனையும் தீர்மானிப்பதில்லை என்பதே. பொய் சொன்னதனால் அன்று, தாயக்கட்டையில் மூன்று விழுந்ததனாலேயே பாம்பு கடிக்கிறது. ஊழின் வலியை உணர்த்தவே இப்படி அமைத்தனர் என்பாரும் உளர். ஊழைக் கற்பிக்க இது மிகப் பொருத்தந்தான். நடத்தையைக் கற்பிக்கப் போதாது.

இவ்வுண்மையை நாம் பட்டே அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றின் பிள்ளைகளுக்கு மண்சரிவைப் பற்றி விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க விரும்பி, மாணவர் சிலருடன் பெரியதொரு பரமபதப் படம் வரைந்தோம். 'மரம் நட்டாய், ஏறு'; 'வடிகாலை அடைத்தாய், இறங்கு'. பிள்ளைகள் ஆரவாரித்து ஆடினர். மறுவாரம் கேட்டபோது, யார் வென்றார் என்பது ஒன்றே அனைவருக்கும் நினைவிருந்தது!

சப்பிரகமுவையில் இது வீண்பொழுதுக்கான காரியம் அன்று. 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, இறந்தவரும் காணாமற் போனவருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்தோம். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலே லயக் காம்பராக்களின் மேல் மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. இரத்தினபுரி மாவட்டமும் 2003 இலும் 2017 இலும் பெருந்துயர் கண்டது. செங்குத்தான சரிவை வெட்டிச் சமன் செய்து, அதன் அடியிலே லயங்களை நிரையாகக் கட்டிச் சென்றனர் பழைய துரைமார். அங்கு வாழ்வோருக்கு வேறு நிலம் இல்லை. ஆகவே மழையை அளந்து, எப்பொழுது வெளியேறுவது என்று முடிவு செய்யும் அறிவு அவர்களுக்கு உயிர் காக்கும் அறிவாகும்.

அவ்வறிவு கடினமானதும் அன்று. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100 ஐக் கடந்தால் ஆயத்தமாதல், 150 ஐக் கடந்தாலோ ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ வெளியேறல் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்திருக்கிறது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியன முன்னறிகுறிகள். இவற்றை ஒப்புவிக்கும் பிள்ளைகள் பலர். நள்ளிரவில் மழை கொட்டும்போது எழுந்து வெளியேறுவார்களா என்பதே வினா.

அமெரிக்க மாதொருவரின் அனுபவத்தை இங்கு நினைக்க வேண்டும். எலிசபெத் மகீ என்பார், நிலம் சிலர் கையில் குவிந்தால் குடிவாரத்தால் ஏனையோர் நலிவர் எனக் காட்டுவதற்காகவே ஓர் ஆட்டம் அமைத்து 1904 இல் காப்புரிமை பெற்றார். அதன் வழித்தோன்றலாக 1935 இல் கடைக்கு வந்ததுதான் 'மொனொப்பொலி'. அதிலே மற்றவரை ஓட்டாண்டியாக்குபவனே வெற்றியாளன். ஆக்கியோன் எதை எண்ணினால் என்ன, எதற்கு வெற்றி கிடைக்கிறதோ அதனையே ஆட்டம் கற்பிக்கிறது.

நாம் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். நால்வர் சேர்ந்து ஒரு குடும்பம். அவர்களுக்கு ஒரு காம்பரா. ஒவ்வொரு கடதாசியாகப் புரட்டினால் இத்தனை மணி, இத்தனை மில்லிமீற்றர் என்று வரும். அதனைப் பிள்ளைகளே கூட்டி எழுத வேண்டும். பின்பு இருப்பதா, பாடசாலைக்குப் போவதா என நால்வரும் ஒருமித்து முடிவு செய்ய வேண்டும். போனால் நட்டம் உண்டு: ஒரு நாட் பேர் போய்விடும், கோழிகள் களவு போகலாம். இருந்தாலோ, மலை சரியலாம்.

முதலில் நாம் செய்த ஆட்டத்தில் மலை ஒவ்வொரு முறையும் சரிந்தது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்து, முதற்றூறலிலேயே பாடசாலைக்கு ஓடினர்! உலகம் அப்படியா இருக்கிறது? மூன்று முறை வீணே வெளியேறிய தந்தை நான்காம் முறை படுத்தே கிடப்பார்; ஆபத்து அங்கேதான். ஆகையால் பெருமழை பெய்தும் மலை அசையாத சுற்றுகளைச் சேர்த்தோம். அதன்பின்னரே வாக்குவாதம் பிறந்தது. பத்து நிமிடம் ஆடினால் இருபது நிமிடம் பேச இடமளித்தோம். கற்றல் பெரும்பாலும் அந்த இருபதிலேயே நிகழ்ந்தது என்பது நம் துணிபு.

புள்ளியும் நட்சத்திரமும் பதக்கமும் கொடுத்தால் எதையும் கற்பிக்கலாம் என்ற எண்ணம் இக்காலத்துப் பயிற்சிகளிலே பெருகிவருகிறது. 1973 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறுவர்க்குப் பரிசு தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்தனர். பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்துவிட்டது. நாமும் ஒருமுறை இனிப்புப் பரிசு வைத்தோம். ஒரு குழு மழைக் கணக்கைத் திருத்தி எழுதிற்று. பரிசை நிறுத்திவிட்டோம்.

சென்ற முறை ஒரு சிறுமி இறுதிவரை தன் குழுவை வெளியேற விடவில்லை. கூட்டுத்தொகை 160 ஆயிற்று, மலை சரிந்தது. ஏனம்மா என்று கேட்டோம். "ஆட்டை எங்க கட்டுறது, சேர்? ஸ்கூல்ல விட மாட்டாங்களே" என்றாள். நமது கடதாசிகளில் ஆடு இல்லை. அவள் வீட்டில் இரண்டு இருந்தன. அன்று மாலையே அதிபரிடம் சென்று, பாடசாலையின் பின்புறத்துக் கொட்டகையை மழைக்காலத்தில் ஒதுக்கித் தர இயலுமா எனக் கேட்டோம். அவர் இசைந்தார். இப்பொழுது ஆட்டத்தில் ஆட்டுக்கென ஒரு கடதாசி உண்டு. அதை எழுதிக் கொடுத்தவள் அச்சிறுமியே.