வெளிநாட்டுக் கடைக்குப் பணம் எந்த வழியில் போகிறது?

வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போடும்முன் விலையைப் பார்க்கிறோம், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறோம். பணத்தை எந்த வழியில் அனுப்புகிறோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. பொருள் வராவிட்டால் காசு திரும்புமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விற்றவர் கைவிரித்தாலும் உங்கள் வங்கியிடம் முறையிடலாம். அது விசா, மாஸ்டர்கார்டு வழியாக விற்றவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். சார்ஜ்பேக் என்பது இதுதான். பொதுவாக 120 நாள் அவகாசம்; பேபால் வழியாகக் கட்டியிருந்தால் பேபாலிடமே புகார் போட 180 நாள். டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. ஆனால் முடிவு தெரியும்வரை மாட்டிக்கொண்டிருப்பது உங்கள் சேமிப்புப் பணம்.

வங்கிக் கணக்குக்கு நேரடியாகவோ கிரிப்டோவாகவோ அனுப்பினால் போனது போனதுதான். சிங்கப்பூர், கனடாவில் இருப்பவர்களிடம் சில விற்பனையாளர்கள், 'பேபாலில் நண்பர்கள்–குடும்பம் என்று போட்டு அனுப்புங்கள், கட்டணம் மிச்சம்' என்பார்கள். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் நாளைக் கடத்தியே ஜெயிக்கிறார்கள். 'கஸ்டம்ஸில் நிற்கிறது, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்' என்பார்கள். பிறகு 'புகாரை மூடுங்கள், உடனே அனுப்புகிறேன்' என்பார்கள். பொருளோ பணமோ கைக்கு வரும்வரை மூடவே மூடாதீர்கள், பேபாலில் மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. புகார் போட்ட 20 நாளுக்குள் அதை கிளெய்மாக, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் கட்டத்துக்கு, மாற்றாவிட்டாலும் தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொரு வித்தை: ஷூ கேட்டவருக்கு ஒரு பிளாஸ்டிக் மோதிரம் வரும். டிராக்கிங்கில் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று விழுந்துவிடும். அந்தக் கவரைத் தூக்கி எறியாதீர்கள். லேபிளில் 30 கிராம் என்றிருந்தால் அதற்குள் ஒரு ஜோடி ஷூ இருந்திருக்க முடியாதே! லேபிளையும் வந்த பொருளையும் ஒரே படத்தில் எடுத்து, 'சொன்ன பொருள் வரவில்லை' என்ற பிரிவில் புகார் போடுங்கள். 'பார்சலே வரவில்லை' என்று போட்டால் டிராக்கிங்கைக் காட்டியே தப்பித்துவிடுவார்கள்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் சிவிவியும் போதும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வருகிறது. வாங்கும் நேரத்துக்கு மட்டும் வங்கி ஆப்பில் திறந்து, வரம்பு வைத்து, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். நீங்கள் செய்யாத செலவு காட்டினால் அது வேறு கதை: அன்றைக்கே வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்ல வேண்டும்.

புகாரில் ஜெயித்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு பல சமயம் உங்கள் தலையில்தான். ஆயிரம் ரூபாய்ச் சட்டையைச் சீனாவுக்கு டிராக்கிங்குடன் அனுப்பினால் சட்டை விலையைத் தாண்டிவிடலாம். அப்போது விற்றவர் பாதிப் பணம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்வதே மேல். காசு கணக்கில் ஏறிய பிறகு புகாரை மூடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.