நான் கையெழுத்துக்குத்தான் சாட்சி

ஆனிச் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசியில் என் மேஜைக்குக் கிரைய ஒப்பந்தங்கள் வர ஆரம்பித்துவிடும். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் மலையைப் பார்த்த மயக்கத்தில் ஐந்து செண்டு, பத்து செண்டு என்று மனை பேசிவிடுகிறார்கள். நான் வழக்கறிஞர், நோட்டரியும்கூட.

போன சீசனில் கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். மகன் சவூதியிலிருந்து அனுப்பும் பணத்தில் மனை வாங்கப்போகிறார். கையில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம். விற்பவரின் கையெழுத்து இருந்தது, ஆளைக் காணோம்.

“நோட்டரி போட்டா போதும்னு புரோக்கர் சொல்லுதாரு சார். பத்திரம் பதிஞ்ச மாதிரிதானே?”

“இல்ல அண்ணாச்சி. ஆள் வராம நான் முத்திரை வைக்க முடியாது. வச்சாலும் நிலம் ஒங்களுக்கு வந்துராது.”

1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் வேலை சிறியது; ஆனால் கண்டிப்பானது. கையெழுத்திடுபவர் என் எதிரில் இருக்க வேண்டும். அவர் யாரென்று நான் உறுதி செய்து, பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுத வேண்டும். அதன்பிறகே ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்ட முத்திரை. இன்னார், இன்ன தேதியில் கையெழுத்திட்டார் என்பதற்கு நான் சாட்சி. நிலம் அவருடையதுதானா என்பதற்கு அல்ல.

நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தின் கிரையத்தைப் பதிந்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தையும், நிலம் சம்பந்தப்பட்ட பவர் பத்திரத்தையும்கூடப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. அதே மனையை நாளை இன்னொருவருக்குப் பேசினால், அவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உங்கள் பெயர் தெரியாது. பதியாத ஒப்பந்தத்தையும், கிரையம் செய்து தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அது வழக்காடுவதற்கு ஒரு வழி. நிலத்தின் உரிமை அதனால் வந்துவிடாது.

கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்தச் செலவைத் தள்ளிப்போடத்தான் பலரும் என் மேஜையோடு நின்றுவிடப் பார்க்கிறார்கள். பவர் வாங்கி வைத்துக்கொள்வதும் கிரையமாகாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நோட்டரிக்கென்று வேலைகள் உண்டு. பட்டாவில் ஒரு இனிஷியல், பத்திரத்தில் வேறு இனிஷியல் என்றால் ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரம். அசலைப் பார்த்து நகலுக்குச் சான்று. வெளிநாட்டிலிருக்கும் மகன் பவர் தருவதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். தாள் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

செங்கோட்டைப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர்ச் சீமை. தாய்ப் பத்திரம் தேடினால் கொல்லம் ஆண்டுத் தேதியோடு, மலையாளத்தில் எழுதிய தாளும் வரலாம். தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

பெரியவரிடம் வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து வரச் சொன்னேன். பத்து நாளில் வந்தார். பட்டா விற்பவர் பெயரில் மட்டும் இல்லை. கூடப்பிறந்த தங்கைகள் இருவர் பெயரும் அதில் இருந்தது. ஆவணியில் அண்ணனும் தங்கைகளும் சேர்ந்து வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் பதிந்துகொடுத்தார்கள். அந்தத் தாளில் என் முத்திரைக்கு வேலையே இருக்கவில்லை. எனக்கு அது மிகுந்த நிறைவாக இருந்தது.