பொது ஆண்பால்

பொது ஆண்பால் என்பது ஆண், பெண் இருபாலாரையும் குறிக்க ஆண்பாற் சொல்லையே ஆளும் மொழி வழக்கு ஆகும். ஆங்கிலத்தில் 'ஹீ' (அவன்), 'மேன்' (ஆண், மனிதன்) ஆகிய சொற்கள் நெடுங்காலமாக இவ்வாறு வழங்கி வந்துள்ளன. இவை பெண்களையும் உள்ளடக்கும் என்பது மரபான விளக்கம். நடைமுறையில் அவ்வாறு பொருள் கொள்ளப்படுவதில்லை என்பதே இவ்வழக்கின் மீதான முதன்மையான விமர்சனம் ஆகும்.

சட்டத்தில்

பிரித்தானியாவில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிப்படையாக விலக்கப்பட்டாலன்றி, சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என விதித்தது. 1867ஆம் ஆண்டின் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை 'மேன்' என்ற சொல்லால் வழங்கியது. இதன் அடிப்படையில் மான்செஸ்டரில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளராகப் பதிவு கோரினர். எனினும் 1868இல் சோர்ல்ட்டன் எதிர் லிங்ஸ் வழக்கில், அச்சொல் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கவில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியும் தண்டனையும் விதிக்கும் சட்டங்களோ பெண்களுக்கும் பொருந்தின.

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் மேலவை உறுப்பினரின் தகுதிகளை 'ஹீ' என்ற சொல்லால் கூறியது. 'தகுதியுள்ள நபர்கள்' என்ற தொடர் பெண்களைக் குறிக்காது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1928இல் கூறியது. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1929 அக்டோபர் 18 அன்று இத்தீர்ப்பை மாற்றியது. 1930இல் கைரீன் வில்சன் முதற் பெண் மேலவை உறுப்பினரானார்.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 'ஹீ' என்பது ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்கிதா இவ்வரையறையில் திருநரையும் சேர்த்துள்ளது.

ஆய்வுகள்

1978இல் மோல்ட்டன், ராபின்சன், எலியாஸ் ஆகியோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் கற்பனை மாந்தரைப் பற்றிக் கதை எழுதுமாறு கேட்கப்பட்டது. வாக்கியத்தில் 'அவனது' என்னும் பொருளுடைய சொல் இருந்தபோது பெண் மாந்தர் மிகக் குறைவாகவும், 'அவனது அல்லது அவளது' என்றிருந்தபோது மிகுதியாகவும் இடம்பெற்றனர். 'அவர்களது' என்பது இடைநிலையில் அமைந்தது. சொல்லைப் பொதுவானது என அறிவித்தல் மட்டும் மனத்தில் எழும் உருவை மாற்றுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

தமிழில்

தமிழில் பலர்பாலுக்குரிய 'அர்' ஈறு மரியாதை ஒருமையிலும் வழங்குவதால், அவர், ஆசிரியர், மாணவர், மருத்துவர் போன்ற சொற்கள் இருபாலார்க்கும் பொதுவாக அமைகின்றன. ஆயினும் மனிதன், நுகர்வோன், குடிமகன் போன்ற 'அன்', 'ஓன்', 'மகன்' ஆகியவற்றில் முடியும் சொற்களும் பொதுப்பொருளில் ஆளப்படுகின்றன. இவற்றுக்கு ஈடாக மனிதர், நுகர்வோர், குடிமக்கள் ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன.