தணிகை விளக்கும் தால்சேர்க் கரியும்

திருத்தணி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது மலையும், அதன் 365 படிகளும், ஆடிக் கிருத்திகைக் காவடிகளுந்தான். போரிலே மூண்ட கோபம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாகப் பெரியோர் கூறுவர். இவ்வளவு குளிர்ந்த ஸ்தலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிலக்கரியைக் கொண்டுவந்து கொட்டுகிறோமே என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். டிசம்பர் மாதம் 31-ந் தேதி இரவு படித் திருவிழாவில் படிக்கொரு கற்பூரம் ஏற்றிக்கொண்டு மேலே செல்லும் பக்தர்களுக்குக் கற்பூரம் மட்டுமா வழி காட்டுகிறது? மலைமேல் எரியும் மின்சார விளக்குகள் யாரைக் கேட்டு எரிகின்றன? இந்த நாட்டில் இன்று எரியும் நான்கு விளக்குகளில் ஏறக்குறைய மூன்று, எங்கேயோ கரி எரிந்ததனால் எரிகின்றன. அந்தக் கரியின் கதையையும், அதிலே நம் குடும்பச் சேமிப்பைப் போடலாமா என்பதையும் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

மலையிலிருந்து இறங்கி ஊர்ப்பக்கம் போனால் விஷயம் இன்னும் நன்றாக விளங்கும். திருத்தணி, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய இடங்களில் நெசவே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். கைத்தறியின் ஓசை குறைந்து விசைத்தறியின் ஓசை மிகுந்துவிட்டது. விசைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரையில் கட்டணமில்லாத மின்சாரம் என்று 2023-இல் தமிழக அரசு உயர்த்திக் கொடுத்தது. அதற்கு முன் 750 யூனிட்டாக இருந்தது.

இந்த 1,000 யூனிட்டையும் கரியிலிருந்தே எடுப்பதாக வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் தேசத்துக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் செய்யச் சுமார் 700 கிராம் வேண்டும். ஆகவே, 1,000 யூனிட்டுக்கு 700 கிலோ. நம் கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்குக்கு மேல் சாம்பல். அதனால் 700 கிலோவை எரித்த பிறகு ஏறக்குறைய கால் டன் சாம்பல் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயு ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. ஒரே ஒரு தறிக்காரர் வீட்டுக்கு, இரண்டே மாதத்துக்கு உண்டான கணக்கு இது. தமிழகத்தின் மின்சாரம் முழுவதும் கரியிலிருந்து வருவதன்று என்பது உண்மையே. காற்றாடிகளும், சூரியத் தகடுகளும், கூடங்குளத்து அணு உலையும் தம் பங்கைத் தருகின்றன. ஆயினும் காற்றும் வெயிலும் ஓய்ந்த இரவு நேரத்தில் தறி ஓடுவதற்குப் பெரும்பாலும் கரியே துணை.

அந்தக் கரி எரியும் இடம் தொலைவில் இல்லை. திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், கடற்கரைமேல், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் எரிகிறது. அத்திப்பட்டுப் பக்கத்து வட சென்னை அனல் மின் நிலையம் 1990-களில் 630 மெகாவாட்டாகத் தொடங்கியது. பின்னர் 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் கொண்ட மூன்றாம் பகுதி, 10,000 கோடி ரூபாய்க்கு மேல் விழுங்கிவிட்டுத் திறப்பு விழாக் கண்டது. வல்லூரில் மத்திய அரசின் கம்பெனியும் தமிழக மின் வாரியமும் சரிபாதியாகச் சேர்ந்து 1,500 மெகாவாட் நிலையம் ஒன்றை வைத்திருக்கின்றன. மேற்கே தறி, கிழக்கே உலை. இரண்டுக்கும் ஒரே கலெக்டர்!

ஆனால் கரி மட்டும் இந்த ஜில்லாவில் இல்லை. ஒரிஸ்ஸாவின் தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டுகிறார்கள். ரயிலில் பாராதீபத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுகிறார்கள். கடலில் சுமார் 1,000 கிலோமீட்டர் பிரயாணம். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டதே பெரும்பாலும் இந்தக் கரியை இறக்குவதற்காகத்தான். பிற்காலத்தில் அதற்குக் காமராஜர் பெயர் சூட்டினார்கள். கப்பல்களை ஏற்பாடு செய்யத் தமிழக அரசு 1974-இல் பூம்புகார்க் கப்பல் கழகத்தை நிறுவிற்று. பட்டினப்பாலை பாடிய துறையின் பெயரைத் தாங்கி, மிளகுக்கும் பொன்னுக்கும் பதிலாகக் கரி மூட்டை வருவது காலத்தின் விளையாட்டுப் போலும். தறிக்காரர் பெறும் இலவச மின்சாரத்தின் விலையில் ஒரு பங்கு கரிக்கு என்றால், இன்னொரு பங்கு இந்த ரயிலுக்கும் கப்பலுக்கும் போகிறது. அதைக் கட்டுகிறவர் யார் என்றால், வரி கொடுக்கும் நாம் எல்லோருமே. அரசு மானியம் கொடுத்தும் போதாமல் மின் வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது.

தென்னாட்டார் ஆதியிலேயே இந்தச் சங்கடத்தை உணர்ந்தவர்கள். கரி வங்காளத்தில் கிடந்தது. 1774-இலேயே ராணிகஞ்சில் தோண்ட அனுமதி பெற்றார்கள். ஆனால் அந்தக் கரி இங்கிலாந்துக் கரிக்கு ஈடாகவில்லை என்று கைவிட்டார்கள். 1836-இல் அதே சுரங்கத்தை வாங்கியவர் ஓர் இந்தியர். அவர் துவாரகாநாத் தாகூர், மகாகவி ரவீந்திரநாதரின் பாட்டனார். நீராவிக் கப்பலின் காலம் வரப்போகிறது, கப்பலுக்குக் கரி வேண்டும் என்று கண்டுகொண்ட தீர்க்கதரிசி அவர். நிலக்கரியில் மூலதனம் போட்ட இந்திய கிருஹஸ்தர்களில் அவரை முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். ரயில் வந்த பிறகுதான் கரிக்கு உண்மையான யோகம் அடித்தது. திருத்தணி வழியாகச் செல்லும் இருப்புப் பாதை 1871-இல் பம்பாயோடு இணைந்தபோது, அதன்மேல் ஓடிய யந்திரங்களுக்கும் எரிபொருள் தேவைப்பட்டது. அதே 1871-இல் நைஜாம் ராஜ்யத்தில் எல்லந்து என்னும் இடத்தில் கரி இருப்பது தெரியவந்தது. அங்கே எழுந்த சிங்கரேணிக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை ஹைதராபாத் சர்க்கார் 1945-இல் வாங்கிக்கொண்டது.

சென்னை ராஜதானியிலோ தோண்டி எடுத்த கரி இல்லை. ஆகவே பைகாராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் அருவியையும் அணையையும் கொண்டு மின்சாரம் செய்தோம். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் கிணறு வெட்டியபோது கரிய மண் போன்ற பொருள் வெளிப்பட்டது 1930-களில். அது பழுப்பு நிலக்கரி என்று தெளிந்து, 1956-இல் கம்பெனி ஏற்பட்டு, 1957-இல் பண்டித நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்து, 1962-இல் முதல் யந்திரம் மின்சாரம் தந்தது. இடையிலே, 1960 ஏப்ரல் 1-ந் தேதி, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. மின்கம்பிக்கு அந்த எல்லையெல்லாம் ஒரு பொருட்டல்ல. 2013 டிசம்பர் 31-ந் தேதி, தணிகையிலே படித் திருவிழா நடக்கும் அதே நாளில், ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே இட்ட கம்பியால் தென்னாட்டு மின்வலை வடநாட்டு வலையோடு ஒன்றாயிற்று.

இனி நம் சேமிப்பின் கதைக்கு வருவோம். தனியார் சுரங்கங்களை 1972, 1973-ஆம் ஆண்டுகளில் தேசவுடைமையாக்கி, 1975-இல் கோல் இந்தியா என்ற ஸ்தாபனத்தை நிறுவினார்கள். 2010-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் அதன் பத்து சதவீதப் பங்கைப் பொதுஜனங்களுக்கு விற்றபோது பங்கின் விலை 245 ரூபாய். சிறு முதலீட்டாளருக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி. திரட்டியது 15,000 கோடிக்கு மேல். வந்த விண்ணப்பமோ பதினைந்து மடங்கு. வியாபாரம் தொடங்கிய முதல் நாளே விலை 340 ரூபாயைத் தாண்டிற்று. 2014 ஜனவரியில் ஒரு பங்குக்கு 29 ரூபாய் இடைக்கால லாப ஈவு வந்தபோது வாங்கியவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டார்கள். ஆனால் 2020-இல் அதே பங்கு 150 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. 2024-இலோ 500-ஐக் கடந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆண்டுதோறும் ஈவு வந்துகொண்டிருந்தாலும், அசல் பத்து வருஷம் உறங்கி நாலு வருஷம் ஓடியிருக்கிறது. மகள் கல்யாணத்தை 2020-இல் வைத்துக்கொண்டவர் ஒரு கதை சொல்வார். 2024-இல் வைத்துக்கொண்டவர் வேறு கதை சொல்வார்.

இந்தப் பங்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு சர்க்கார் கையில் இருக்கிறது. கஜானாவுக்குப் பணம் வேண்டும் என்றால் ஈவு தாராளமாக வரும்; மின்சார விலை ஏறக்கூடாது என்றால் கரி விலையை அடக்கி வைப்பார்கள். பங்கு வைத்திருக்கும் கிருஹஸ்தர் கரி விலை ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். அவர் வீட்டு அம்மாளோ மின்கட்டணச் சீட்டைப் பார்த்து அது இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். தணிகைநாதன் யாருடைய பிரார்த்தனையைக் கேட்பான்?

பெரிய முதலாளிகளும் இதில் அடி வாங்காமல் இல்லை. குஜராத்தில் முந்த்ரா என்ற கடற்கரை ஊரில் டாடா கம்பெனி 4,000 மெகாவாட் நிலையம் கட்டிற்று. இந்தோனேஷியக் கரி மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணி, யூனிட் சுமார் இரண்டே கால் ரூபாய்க்குத் தருவதாக ஒப்பந்தம் செய்தார்கள். பின்பு இந்தோனேஷிய சர்க்கார் ஏற்றுமதி விலைச் சட்டத்தை மாற்றியது, கணக்குத் தலைகீழாயிற்று. 2017-இல் அந்த நிலையத்தின் 51 சதவீதப் பங்கை ஒரே ஒரு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளும்படி, மின்சாரம் வாங்கும் ராஜ்யங்களை வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது! சுரங்க உரிமை பெற்றவர்களின் கதையும் அப்படியே. ஏலமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்த 214 சுரங்கப் பகுதிகளை 2014 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது.

தமிழக அரசு செய்த ஒரு கொள்முதல் இங்கே குறிப்பிடத்தக்கது. 2013-இல் நெய்வேலிக் கம்பெனியின் 3.56 சதவீதப் பங்கை மத்திய சர்க்கார் விற்க முற்பட்டபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் பங்கை வெளியார் கைக்குப் போகவிடாமல், தமிழக அரசின் ஸ்தாபனங்களே 350 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டன. இதைச் சுத்த லாப நோக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நமக்கு அது பிடித்தே இருக்கிறது.

தேசம் வேகமாக வளர்கிறது. கரி இல்லாமல் வளர முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இன்றைக்கு முடியாது என்பதே நமது பதில். 2024-25-இல் இந்தியா 104 கோடி டன்னுக்கு மேல் கரி வெட்டியது. அதுவும் போதாமல் வெளியிலிருந்தும் வாங்கியது. 2024 மே 2-ந் தேதி தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2022-இன் கோடையில் கரி வண்டிகளுக்கு வழி விடுவதற்காகப் பிரயாணி ரயில்களையே நிறுத்தினார்கள். தறிக்காரர் வீட்டில் மின்சாரம் நின்றால் அன்றைக்குக் கூலி நின்றது என்று பொருள். பட்டினி கிடந்து வானத்தைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நூற்றாண்டுக்கு மேல் கரி எரித்துச் செல்வம் சேர்த்த இங்கிலாந்து தன் கடைசிக் கரி மின் நிலையத்தை மூடியதே 2024 செப்டம்பரில்தான்.

ஆனால் புதிதாக ஓர் உலை கட்டுவது வேறு விஷயம். உலையின் ஆயுள் முப்பது நாற்பது வருஷம். இன்று பணம் போடுகிறவர் 2060 வரையில் கரி மின்சாரத்துக்குக் கிராக்கி இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். வெயிலிலிருந்து செய்யும் மின்சாரமோ 2017-இலேயே ராஜஸ்தானில் இரண்டரை ரூபாய்க்கும் கீழே ஏலம் போயிற்று. 2070-க்குள் கரியமில வாயுக் கணக்கைச் சமன் செய்துவிடுவதாக நம் சர்க்கார் 2021-இல் கிளாஸ்கோவில் வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே, ஓடுகிற சுரங்கத்தின் பங்கைப் பழைய வீட்டைப் போல எண்ணலாம்: வாடகை வருகிற வரையில் வரட்டும். பேரனுக்கு எழுதிவைக்கும் நஞ்சை என்று எண்ணி யாராவது உங்களிடம் விற்க வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். புது உலைக்குப் பங்கு கேட்டு வருகிறவர்களிடமோ, மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டவர் யார், கரி எங்கிருந்து வருகிறது, சாம்பலை எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்விதான் நம் ஜில்லாவில் விடை காணாமல் கிடக்கிறது. அத்திப்பட்டு உலையின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். சாம்பலில் ஒரு பகுதி செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது. குழாய் உடையும் போதெல்லாம் மற்றொரு பகுதி எண்ணூர்க் கழியிலே கலக்கிறது. மீனும் இறாலும் அங்கே குறைந்துபோயின என்று செம்படவர்கள் முறையிட்டு, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றது. எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கிலும் அந்த இறாலுக்கு ஒரு வரி கிடையாது.

அந்தக் கழியில் வந்து விழும் ஆற்றின் பெயர் கொசஸ்தலை. பள்ளிப்பட்டுத் தறிகளின் பக்கமாக ஓடி, தணிகை மலையடிவாரத்து நந்தியாற்றையும் சேர்த்துக்கொண்டு, பூண்டி ஏரியில் சென்னைக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள வெள்ளத்தோடு கார்த்திகை மாதங்களில் எண்ணூர் போய்ச் சேருகிறது. அங்கே சாம்பல் படிந்து, கழியின் ஆழம் பல இடங்களில் குறைந்து கிடக்கிறது.