கடலுக்குள்ளேயே கடல்நீர்ச் சோதனை

கடல்நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று அறியக் கப்பலில் போய் நீரை மொண்டுவருவதுதான் வழக்கம். ஆனால் குப்பிக்குள் போன நீர் அப்படியே இருப்பதில்லை. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். உடனே சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையவைக்க வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. புயல் கடலைக் கலக்கிவிட்டுப் போனால் அடிநீரின் நைட்ரேட் சத்து மேலேறி, நுண்பாசிகள் சில நாட்களிலேயே பெருகி அடங்கிவிடலாம். அந்த நாட்களில் அங்கே கப்பல் இல்லையென்றால் நடந்ததற்குப் பதிவே இராது.

அதனால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உள்ள தேசியக் கடலியல் மையம், ஆய்வகத்தையே நீருக்குள் இறக்கியது. அதன் நைட்ரேட் கருவிக்கு உயிர், சில தலைமுடிகளின் கனமே உள்ள கால்வாய்கள் குடைந்த ஓர் அக்ரிலிக் சில்லு. வடிகட்டிய கடல்நீரைச் சிறு பம்பு உள்ளே இழுக்கிறது. தாமிரம் பூசிய காட்மியத்தின் வழியே போகும்போது நைட்ரேட் நைட்ரைட்டாக மாறுகிறது. பிறகு வினைபொருள் கலந்ததும் நீர் இளஞ்சிவப்பாகிறது. அதனூடே பச்சை எல்.இ.டி. ஒளியைச் செலுத்தினால், நிறம் அடர்ந்திருக்கும் அளவுக்கு ஒளி குறைந்து வெளிவரும். சிதறும் ஒளி கணக்கைக் கெடுக்காதபடி, அக்ரிலிக்கே சாயமேறியது.

நைட்ரைட்டுக்கு இப்படி நிறமேற்றும் வேதியியல் புதிதல்ல. இங்கிலாந்தில் பீர் ஆலையொன்றில் வேலைபார்த்த ஜெர்மானியர் பீட்டர் கிரீஸ் 1879-இல் வெளியிட்ட முறை இது. ஆழ்கடலின் அழுத்தத்துக்கும் மையத்தார் எளிய விடையே கண்டார்கள்: கருவிக்குள் எண்ணெய் நிரப்பி, உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும்படி விட்டார்கள். கனத்த உலோகக் கூடு தேவைப்படவில்லை.

என்னைக் கவர்வது கருவியின் சிறிய அளவு அல்ல, அது தரும் நம்பகத்தன்மை. மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் எந்த உணரியின் அளவீடும் மெல்ல விலகிப்போகும். இந்தக் கருவியோ நைட்ரேட் இல்லாத நீரையும் அளவு தெரிந்த நைட்ரேட் கரைசலையும் கூடவே சுமந்து செல்கிறது. கடல்நீரை அளப்பதோடு அவற்றையும் அளந்து தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. கால்வாய் நுண்ணியது, ஒவ்வொரு சோதனைக்கும் மிகச் சிறிதளவு திரவமே செலவாகிறது. அதனால்தான் இத்தனையும் சுமக்க முடிகிறது. காட்மியம் நச்சு என்பதால் கழிவையும் பையில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

கிரீன்லாந்தின் பனிப்பாளம் உருகி ஓடிவரும் நீரிலும் இதை வைத்து நைட்ரேட் அளந்திருக்கிறார்கள். மாலுமியில்லாமல் ஏறி இறங்கி நீந்தும் கிளைடர்களிலும் இவ்வகைச் சில்லுக் கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் வினைபொருள் தீர்ந்தால் அளவீடு நின்றுவிடும். வடிகட்டியில் பாசி படிந்தாலும் அப்படித்தான். வெதுவெதுப்பான கரையோர நீரில் இந்தப் படிவுதான் பெரிய தொல்லை.