புத்தி சொல்லாத ஆலோசகர்: கார்ல் ரோஜர்ஸ் காட்டிய வழி

மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னதும் நம் வாயில் முதலில் வருவது அறிவுரைதான். "இதையெல்லாம் மனசுல வச்சுக்காதே", "கோயிலுக்குப் போய்ட்டு வா", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" சொல்கிறவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கேட்டவர் அதற்குமேல் வாய் திறப்பதில்லை. மனநல ஆலோசகரிடம் போனாலும் இதே புத்திமதிதான் காசுக்குக் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

நல்ல ஆலோசனை அப்படி இருக்காது. இதை வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். இன்று ஆலோசகராகப் பயிற்சி பெறும் எவரும் அவருடைய முறையைத் தொடாமல் படிப்பை முடிப்பதில்லை. அவர் எப்படி உருவானார், எதை நம்பினார் என்று தெரிந்துகொண்டால், ஓர் ஆலோசகரிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும்.

பண்ணையில் தொடங்கிய ஆர்வம்

ரோஜர்ஸ் 1902 ஜனவரி 8 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பம். சீட்டாட்டம், நாடகம், மது எதற்கும் அங்கே இடமில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள் அவரை ஈர்த்தன. புழுக்களுக்கு இலை போட்டு வளர்த்தார்; கூடுகளைக் குளிர்காலம் முழுக்கப் பத்திரப்படுத்தி, பூச்சி வெளிவரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். கால்நடைத் தீவனம் பற்றிய ஆய்வு நூலைப் படித்து, ஒரு சோதனையை எப்படி நேர்மையாகச் செய்வது என்பதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்ததும் வேளாண்மைப் படிப்பில்தான்.

1922ல் உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனத் தலைநகர் பீகிங் சென்றார். ஆறு மாதங்களுக்கும் மேல் நீண்ட அந்தப் பயணத்தில், நேர்மையானவர்களே ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான நம்பிக்கைகளோடு வாழ்வதைக் கண்டார். பெற்றோரின் சமயப் பார்வையிலிருந்து விலகித் தனியாகச் சிந்திக்கத் தொடங்கினார். நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகள் இறையியல் படித்தபின், அருகிலிருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் உளவியலுக்கு மாறி, 1931ல் முனைவர் பட்டம் பெற்றார்.

கதவருகில் திரும்பிய தாய்

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில், சிக்கலில் இருந்த சிறுவர்களோடு பணியாற்றினார். அங்கே அடங்காத ஒரு பையனின் தாய் தொடர்ந்து அவரிடம் வந்துகொண்டிருந்தார். மகனைச் சிறு வயதில் தாய் மனதால் ஒதுக்கியதே பிரச்சினைக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு கட்டியிருந்தார். அதை அவருக்குப் புரியவைக்கப் பல அமர்வுகளில் முயன்றும் பலன் இல்லை. இருவரும் பேசி, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று கைகுலுக்கிப் பிரிந்தார்கள். கதவுவரை போன அந்தப் பெண் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் வேதனையையும் தோல்வி உணர்வையும் கொட்டத் தொடங்கினார். அதுவரை கோப்பில் பதிவாகியிருந்த வரலாறு வேறு, அவர் சொன்ன கதை வேறு. அதன்பிறகு நடந்த அமர்வுகளில் தாயும் தேறினார், மகனும் தேறினான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். ஆலோசகர் அவரைப் பின்தொடர்ந்தால் போதும் என்று ரோஜர்ஸ் புரிந்துகொண்ட தருணம் அது. பிற்காலத்தில் இதை விளக்க அவர் பண்ணை நினைவொன்றைச் சொன்னார். குளிர்காலத்துக்காக நிலவறையில் கொட்டிவைத்த உருளைக்கிழங்கு மண்ணும் நீரும் இல்லாமலே வெளிறிய முளைவிட்டு, தூரத்துச் சன்னல் வெளிச்சத்தை நோக்கி நீளும். மிக மோசமான சூழலிலும் உயிர் வளரவே பார்க்கிறது. மனம் உடைந்தவரிடமும் அந்த முனைப்பு இருக்கிறது; அதற்கு ஏற்ற சூழலைத் தருவதே ஆலோசகரின் வேலை என்றார் அவர்.

முறையின் மூன்று தூண்கள்

நோயாளி என்ற சொல்லைத் தவிர்த்து, உதவி நாடி வருபவரைத் தனக்குச் சமமானவராக நடத்தினார் ரோஜர்ஸ். மூடிய அறைக்குள் நடப்பது என்ன என்று யாருக்கும் தெரியாத அந்தக் காலத்தில், அமர்வுகளை ஒலிப்பதிவு செய்தார். ஒருவருடைய சிகிச்சை அமர்வுகள் முழுவதையும் சொல்லுக்குச் சொல் 1942ல் தன் நூலில் வெளியிட்டார். எங்கே ஆலோசகர் அவசரப்பட்டார், எங்கே வந்தவர் மனம் திறந்தார் என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

மாற்றம் நிகழ எவை தேவை என்று 1957ல் ஒரு கட்டுரையில் தொகுத்துச் சொன்னார். அவற்றில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மற்றவருடைய உலகத்தை அவர் கண்களால் பார்க்கும் பரிவு. இரண்டாவது, அவர் எதைச் சொன்னாலும் மதிப்புக் குறையாமல் ஏற்பது. மூன்றாவது, பாவனை இல்லாத உண்மைத்தன்மை.

இதைப் பேச்சில் பார்ப்போம். "நான் செத்தாக்கூட வீட்டுல யாரும் கவலைப்பட மாட்டாங்க" என்கிறார் ஒருவர். "அப்படியெல்லாம் பேசாதீங்க, உங்களுக்கு என்ன குறை?" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. "வீட்டுல இருந்தும் யாருமே இல்லாத மாதிரி இருக்கு உங்களுக்கு, இல்லையா?" என்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து வருவது கண்ணீராக இருக்கலாம், யாரிடமும் சொல்லாத ஒரு சம்பவமாக இருக்கலாம். பிறகு ஆலோசகர் தயங்காமல் கேட்பார்: "சாகணும்னு யோசனை வருதா?" இந்தக் கேள்வி அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது, தனியாகச் சுமந்ததைச் சொல்ல வழி திறக்கும்.

ஆலோசகருக்கும் உதவி வேண்டும்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆலோசனை அளித்ததில் ரோஜர்ஸே நிலைகுலைந்தார். அந்தப் பெண்ணை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனுடன் சில மாதங்கள் வெளியூர் போய்விட்டார். திரும்பி வந்தும் தன்மீதே நம்பிக்கையில்லாமல் தவித்து, தன்னோடு பணியாற்றிய ஒருவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறினார். இதை அவர் மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். உலகமே மதித்த ஆலோசகருக்கு உதவி தேவைப்பட்டபோது, நமக்குத் தேவைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இது மட்டும் போதாத இடங்கள்

விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் ரோஜர்ஸ் குழுவினர் பல ஆண்டுகள் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்கவில்லை. காதில் குரல் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகம், பல நாள் தூக்கமில்லாத அதீத உற்சாகம், சாப்பாட்டையும் குளியலையும் விட்டுவிடும் அளவுக்குச் சோர்வு ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே மருந்து அவசியம். ஆலோசனை அதற்குத் துணை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஆலோசகரைத் தேடும்போது

தகுதியைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். "உங்க படிப்பு என்ன, பதிவு இருக்கா?" என்று கேட்பதில் தவறே இல்லை, நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார்.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை. ஓர் அமர்வு பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கும். சொல்வது ரகசியமாக இருக்குமா, உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அறையை விட்டு வெளியே வரும்போது மனதில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா? முதல் நாளே பாரம் குறையாமல் போகலாம். ஆனால் திட்டினார், சாதியையோ மதத்தையோ வைத்து எடைபோட்டார், எல்லாம் உங்கள் தப்பு என்றார் என்றால் வேறு ஆலோசகரைப் பாருங்கள். மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை.

வீட்டிலும் இதைச் செய்யலாம்

நாம் யாரும் ஆலோசகராக வேண்டாம். ஆனால் மகன் பரீட்சையில் தோற்று வந்து நிற்கும்போது, அம்மா இரவில் தூக்கமில்லை என்று சொல்லும்போது, பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்க நம்மால் முடியும். கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், நீங்களே உடன் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

தற்கொலை எண்ணம் யாருக்கேனும் இருப்பதாகத் தோன்றினால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். இந்த எண்களை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேவைப்படலாம்.